மே 18 கூட்டத்தில் முகாம் மக்களின் சாட்சியத்தைப் படம்பிடித்துத் திரையிடலாமா?

கல்மண்டபம் | ஏப்ரல் 12, இரவு 9.40

வணக்கம் தோழர்களே. இந்த வருஷமும் மே 18 அன்று ராயபுரத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் வைக்கிறோம். கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம், நாலு பேர் பேசுவார்கள், ஒன்பது மணிக்குள் போலீஸ் மைக்கை நிறுத்தச் சொல்வார்கள். வருஷா வருஷம் இப்படித்தான் போகிறது. 2009-ல் ஈழப் போரின் கடைசியில் அந்த மக்களைக் கொன்றவர்களில் யாரும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அதற்காக வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் என் கவலை.

ஒரு யோசனை. நமக்குப் பக்கத்திலேயே புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஈழ அகதிகள் முகாம்கள் இருக்கின்றன. வன்னியின் கடைசி மாதங்களை நேரில் பார்த்தவர்கள், அங்கே உறவைப் பறிகொடுத்தவர்கள் சிலராவது அங்கே இருப்பார்கள். அவர்களைப் பேசவைத்துப் படம்பிடித்து, கூட்டத்தில் பெரிய திரையில் காட்டலாம். அப்புறம் யூட்யூபில் ஏற்றிவிட்டு, இணைப்பை ஐநாவுக்கு அனுப்பலாம். கேமரா வைத்திருக்கிற தம்பி தயார். திரை வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. என்ன நினைக்கிறீர்கள்?

கொளத்தூரான் | ஏப்ரல் 12, இரவு 10.15

கண்டிப்பாகச் செய்யணும் தோழர். 2009 ஜனவரி கடைசியில், ஈழப் போரை நிறுத்தச் சொல்லித் தீக்குளித்த முத்துக்குமாரின் உடலைக் கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை கொண்டுபோனபோது அந்தக் கூட்டத்தில் நடந்தவன் நான். வழியெல்லாம் கடை அடைத்து, மாடியிலிருந்து பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். அத்தனை சனம் திரண்டும், அதற்கப்புறம் மூன்றரை மாசம் அந்த மக்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. எப்படியாவது உலகத்தின் கண்ணில் படும்படி போடுங்கள்.

தம்புசெட்டி | ஏப்ரல் 12, இரவு 11.50

கல்மண்டபம், நல்ல மனசோடு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். படம்பிடித்துத் திரையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். குற்றவியல் வழக்குகளில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தும், செய்யப் பார்த்தும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒருவர் இன்று உங்கள் கேமரா முன்னால் உணர்ச்சிவசப்பட்டு, “மூணு மணிக்கு செல் விழுந்தது, இருபது பேர் செத்தார்கள்” என்கிறார். நாலு வருஷம் கழித்து ஒரு விசாரணை அதிகாரி முன்னால் நிதானமாக யோசித்து, “மாலை நேரம், பத்துப் பன்னிரண்டு பேர்” என்கிறார். இரண்டுமே நேர்மையான பேச்சுதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் யூட்யூப் காணொளியை ஓடவிட்டு, “அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?” என்று கேட்டால் அந்த மனிதர் உடைந்துபோவார். அவர் ஒருவருடைய சாட்சியம் மட்டுமல்ல, அவரோடு சேர்ந்த மற்றவர்களுடையதும் அடிபடும். அப்புறம் இன்னொன்று. ஒருவர் பேசியதைத் திரையில் பார்த்த இன்னொருவருக்கு, தான் பார்த்தது எது, திரையில் கேட்டது எது என்று கலந்துவிடும். மனித ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால்தான் 2022-ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய நாடுகளின் வழக்குத்தொடுநர்களை ஒருங்கிணைக்கிற யூரோஜஸ்ட் அமைப்பும் சேர்ந்து, நம்மைப் போன்ற தன்னார்வலர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவரிடம் விரிவான வாக்குமூலத்தை முடிந்தவரை நீங்கள் எடுக்காதீர்கள், விசாரணை அதிகாரிகளுக்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். யார் எங்கே இருந்தார், எதைப் பற்றிச் சொல்லக்கூடும், சொல்ல விருப்பமா, யார் மூலம் அவரை அணுகலாம் என்பதைக் குறித்து வைத்தாலே பெரிய காரியம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்றால், பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

எருக்கஞ்சேரி | ஏப்ரல் 13, காலை 7.05

வக்கீல் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்த விசாரணை அதிகாரி வரப்போகிறார்? 2000-ல் மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்று புதைத்த சிப்பாய் ஒருவனுக்குக் கொழும்பு நீதிமன்றமே 2015-ல் மரண தண்டனை கொடுத்தது. 2020 மார்ச்சில் அப்போதைய இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சே அவனுக்கு மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். அபூர்வமாகத் தண்டனை வரை போன வழக்குக்கே அந்தக் கதி. பெட்டியில் பூட்டி வைக்கிற பட்டியலால் யாருக்கு என்ன பலன்? ஊருக்குத் தெரிந்தாலாவது சூடு சொரணை வரும்.

தம்புசெட்டி | ஏப்ரல் 13, காலை 8.30

தம்பி, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அன்வர் ரஸ்லான் என்ற சிரிய உளவுத்துறை அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்தது டமாஸ்கஸ் சிறையில். சாட்சி சொன்னவர்களில் பலர் ஜெர்மனியில் அகதிகளாக இருந்தவர்கள். அவன் அங்கே அகதியாக வந்து வாழ்ந்தபோது சாட்சிகள் தயாராக இருந்ததால்தான் வழக்கு நடந்தது. யார் எந்த நாட்டு விமான நிலையத்தில் எப்போது இறங்குவார் என்று நமக்குத் தெரியாது. அந்த நாளில் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

கடல்கடந்தவள் | ஏப்ரல் 13, மதியம் 2.20

நான் புழல் முகாமில் இருக்கிறேன். இங்கே எழுதுவது இல்லை, வாசிப்பதோடு சரி. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 2006-ல் மன்னாரிலிருந்து படகேறி வந்தோம். அக்கா கிளிநொச்சியில் கல்யாணம் முடித்திருந்தபடியால் அவள் குடும்பம் வன்னியிலேயே நின்றுவிட்டது. 2008 செப்டம்பரில் ஐநா ஆட்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, போக வேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடிய சனத்தில் அவளும் ஒருத்தி. வெள்ளைக்காரர் நின்றால் குண்டு போடமாட்டான் என்று சனம் நம்பியது. அவர்கள் போனபிறகு என்ன நடந்தது என்று பார்க்க வெளியாள் யாருமே இல்லை.

பிறகு இடம் இடமாக ஓடினார்கள். சுதந்திரபுரம் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது, சனம் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே செல் விழுந்தது. கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் சரிந்து விழும். அதனால் சேலைகளைக் கிழித்துச் சாக்காகத் தைத்து மண் நிரப்பி அடுக்குவார்களாம். அக்கா தன் கூறைச் சேலையையும் கிழித்துத் தைத்தாள். போனில் சொல்லும்போது அதைச் சொல்லித்தான் அதிகம் அழுவாள், ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தச் சேலை மூட்டைக்குப் பின்னால்தான் அவளின் கடைசிப் பிள்ளை உயிர் தப்பியது.

ஏப்ரல் 8-ஆம் தேதி அம்பலவன்பொக்கணையில் பால்மா கொடுக்கிற வரிசையில் தாய்மாரும் பிள்ளைகளும் நின்றபோது செல் அடித்தார்கள். ஐநா நிபுணர் குழுவின் அறிக்கையிலும் இது இருக்கிறது. செத்துக் கிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அக்கா அன்று வரிசைக்குப் போகவில்லை. பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்தவள் போனாள்.

இனி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. அக்காவின் மூத்த மகளை இயக்கம், அதாவது புலிகள், பிடித்துக்கொண்டு போனது. அவளுக்குப் பதினாறு வயதுதான். வெளியேறப் பார்த்த சனத்தை அவர்கள் சுட்டதை அக்கா கண்ணால் பார்த்தாள். அவளின் மகனை மே 18 அன்று வட்டுவாகலில் ஆமிக்காரரிடம் அவளே கையில் பிடித்துக்கொண்டுபோய் ஒப்படைத்தாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இன்றுவரை அவன் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளின் கதை. எதை வெட்டினாலும் அது அவளுடையது இல்லை.

தம்பி கல்மண்டபம், உங்களிடம் கோபம் இல்லை. ஆனால் அக்கா எத்தனை பேரிடம் சொல்லிவிட்டாள் தெரியுமா? நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, சொன்னாள். காணாமற்போனோரை விசாரிக்கிற பரணகம ஆணைக்குழு வந்தது, சொன்னாள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் சொன்னாள். பத்திரிகைக்காரர், படிக்கிற பிள்ளைகள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. சொல்லி முடித்த இரவு அவள் நித்திரை கொள்ளமாட்டாள். கடைசியில் நட்டஈடாக ஒரு லட்சம் ரூபாய் தருகிறோம் என்றார்கள். அவள் வாங்கவில்லை. இங்கே நான் கேமரா முன்னால் முகம் காட்டினால், அங்கே அவள் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வருவார். இங்கே முகாமில் எங்களைக் கண்காணிக்கிற க்யூ பிரிவு போலீஸ்காரர் என்னிடம் வருவார். முகாமில் பலர் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம், பயம் தெளியவில்லை என்று எங்களைக் குறைசொல்ல வேண்டாம்.

எருக்கஞ்சேரி | ஏப்ரல் 13, மாலை 6.10

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. உங்கள் வேதனையை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். இயக்கத்தின் தவறை நாமே எழுதிக் கொடுத்தால், “பார், அவர்கள் ஆட்களே சொல்கிறார்கள்” என்று இலங்கை அரசு அதைத்தானே பிடித்துக்கொள்ளும்? முதலில் அரசின் குற்றத்தை நிறுவிவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே?

கடல்கடந்தவள் | ஏப்ரல் 13, மாலை 6.45

அப்புறம் என்று ஒன்று வராது தம்பி. அக்காவின் மகளும் பிள்ளைதான், மகனும் பிள்ளைதான். ஒருத்திக்கு நடந்ததை மறைத்துவிட்டு மற்றவனுக்கு நீதி கேட்க அவளால் முடியாது.

தம்புசெட்டி | ஏப்ரல் 13, இரவு 9.00

அக்கா சொன்னது நியாயமும்கூட, சட்டமும்கூட. பாதியை மறைத்த சாட்சியைத்தான் நீதிமன்றத்தில் சுலபமாக உடைக்கலாம். 2011-ல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கையை யாராலும் ஒதுக்கித் தள்ள முடியாமல் போனதற்கு ஒரு காரணம், தருஸ்மன், ராட்னர், யஸ்மின் சூக்கா மூவரும் இரண்டு தரப்பையும் எழுதினார்கள். அரசுப் படை மருத்துவமனைகளைத் தாக்கியதையும் உணவு, மருந்து கிடைக்காமல் செய்ததையும் எழுதினார்கள். புலிகள் மக்களைக் கேடயமாக வைத்ததையும் கட்டாயமாகப் பிள்ளைகளைச் சேர்த்ததையும் எழுதினார்கள். ஒரு தரப்பு மக்களைப் பிடித்து வைத்தது என்பதால், மற்ற தரப்புக்கு அவர்கள்மேல் குண்டு போட உரிமை வந்துவிடாது. அதைத்தான் சட்டம் சொல்கிறது, அதைத்தான் நாமும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் பிரிட்டன் தடை விதித்த நாலு பேரில் மூன்று பேர் முன்னாள் தளபதிகள், நாலாவது ஆள் புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா.

ஒத்தவாடை டீச்சர் | ஏப்ரல் 13, இரவு 10.30

எல்லாரும் சாட்சியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எண்ணிக்கை பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் கணக்கு எடுப்பவள், அதனாலோ என்னவோ, 2009-ஐப் பற்றி வாசித்ததில் என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

2009 பிப்ரவரியில் வன்னியில் இருந்த அரசு அதிகாரிகளே அங்கே 3,30,000 பேர் இருக்கிறார்கள் என்று கொழும்புக்குக் கணக்கு அனுப்பினார்கள். கொழும்பு அரசு உலகத்துக்குச் சொன்னது 70,000. ஏப்ரல் கடைசியில்கூட ஐநா மதிப்பீட்டில் சுமார் 1,27,000 பேர் உள்ளே இருந்தபோது அரசு 10,000 என்றது. இது வெறும் பிரச்சாரப் பொய் இல்லை. 70,000 பேர்தான் என்றால் 70,000 பேருக்குத்தான் அரிசி, பருப்பு. கப்பலில் போகிற மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான். மயக்க மருந்தும் ரத்தப் பையும் அனுப்பாததால் மருத்துவர்கள் எப்படி அறுவை செய்தார்கள் என்பதையெல்லாம் வாசிக்கவே முடியவில்லை. காகிதத்தில் இல்லாத இரண்டரை லட்சம் பேருக்குச் சோறு இல்லை, செத்தாலும் கணக்கில் வரமாட்டார்கள். போர் முடிந்ததும் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே 2,90,000 பேர் அளவுக்கு இருந்தார்கள். எந்தக் கணக்கு உண்மை என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

ஐநா மட்டும் சும்மா இருந்ததா? அவர்களிடமும் கணக்கு இருந்தது. 2009 மே 13 வரைக்கும் 7,721 பேர் இறந்ததாக அவர்களுடைய ஆட்கள் கவனமாகச் சரிபார்த்துத் தொகுத்திருந்தார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிட எவ்வளவோ அதிகம், 40,000 வரை இருக்கலாம் என்று பின்னால் நிபுணர் குழு சொன்னது. ஆனால் கையில் இருந்த அந்தச் சின்னக் கணக்கைக்கூட அப்போது பகிரங்கமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சில நாடுகளாவது வாய் திறந்திருக்கும். 2012-ல் ஐநாவே நடத்திய உள்விசாரணை, தன் கடமையில் தவறியதை ஒத்துக்கொண்டது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

போர் நடக்கிறபோதே எண்ணுவதும் பெயர் எழுதுவதும் உயிரைக் காப்பாற்றுகிற வேலை. போர் முடிந்த பிறகு அது நீதிக்கான வேலை. அதனால் தம்புசெட்டி சார் சொன்ன பட்டியலைப் பூட்டி வைக்கிற பெட்டி என்று நினைக்காதே எருக்கஞ்சேரி.

வியாசை பேரன் | ஏப்ரல் 14, காலை 6.50

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். டீச்சர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள். பாட்டி அப்போது சின்னப் பெண். தமு வழியாக மணிப்பூருக்கு நடந்த கூட்டத்தில் தன் தம்பியை வழியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லும். காய்ச்சலா, பசியா என்று அதற்கே சரியாகத் தெரியாது. போர் முடிந்து திரும்பிப் போய், 60-களில் மறுபடி துரத்தப்பட்டு, கடைசியில் வியாசர்பாடியில் வந்து விழுந்த குடும்பம் எங்களுடையது. இங்கே எங்கள் தெருவில் வயசானவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கதை இருந்தது. அந்த நடையில் செத்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் இன்றுவரை கிடையாது. வெள்ளைக்காரன் எண்ணவில்லை, சுதந்திர இந்தியாவும் கேட்கவில்லை, நாங்களும் எழுதி வைக்கவில்லை. பாட்டியோடு அந்தத் தம்பியின் பெயரும் போய்விட்டது. முகாமில் இருக்கிற பெரியவர்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது. சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

காசிமேடு கரை | ஏப்ரல் 14, காலை 11.15

எனக்குச் சட்டம் தெரியாது, கேட்கிறேன். காஸா விஷயத்தில் நெதன்யாகு மேலேயே 2024-ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடிவாரண்ட் போட்டதே. அங்கேயும் பாதுகாப்பான இடம் என்று போகச் சொல்லி அங்கேயே குண்டு போட்டார்கள், டிவியில் பார்க்கும்போதெல்லாம் முள்ளிவாய்க்கால்தான் ஞாபகம் வருகிறது. அதே கோர்ட்டுக்கு ராஜபக்சேவை ஏன் இழுக்க முடியாது?

தம்புசெட்டி | ஏப்ரல் 14, மதியம் 1.40

பாலஸ்தீனம் 2015-ல் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தது, அதனால் அங்கே நடந்த குற்றத்தை விசாரிக்க அதிகாரம் வந்தது. இலங்கை சேரவே இல்லை. ஐநா பாதுகாப்பு சபை வழக்கை அனுப்பினால் உண்டு, ஆனால் அங்கே வீட்டோ அதிகாரம் உள்ள ஒரு நாடே அதைத் தடுத்துவிடலாம். மியான்மரும் உறுப்பினர் இல்லை, ஆனால் ரோஹிங்யாக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர். நாடு கடத்திய குற்றத்தின் ஒரு பாதி வங்கதேச மண்ணில் நடந்தது என்று அந்த நீதிமன்றம் விசாரணையை அனுமதித்தது. ஈழத்திலிருந்து சனம் ஓடிவந்து இறங்கியது தனுஷ்கோடியில். இந்தியா உறுப்பினராக இருந்தால் அந்த வாதத்தை இங்கேயும் வைத்துப் பார்த்திருக்கலாம். இந்தியாவும் உறுப்பினர் இல்லை. நம் நாட்டிலேயே 1960-ல் போட்ட ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது, ஆனால் அரசே புகார் கொடுக்காமல் நீதிமன்றம் கையில் எடுக்காது. 2009 மே கடைசியில் ஜெனீவாவில் இலங்கையைப் பாராட்டுகிற மாதிரி வந்த தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்ட டெல்லி, இதற்குப் புகார் கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2012-லும் 2013-லும் தமிழ்நாட்டின் அழுத்தத்தால் இந்தியா இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டது என்பதையும் மறக்கக் கூடாது. நாம் கத்தியதற்குப் பலனே இல்லை என்று கொளத்தூரான் நினைக்க வேண்டாம்.

இப்போது திறந்திருக்கிற கதவு ஒன்று. 2021-ல் மனித உரிமைகள் பேரவை போட்ட 46/1 தீர்மானத்தின்படி, ஐநா மனித உரிமை ஆணையர் அலுவலகம் ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. எந்த நாட்டு நீதிமன்றமாவது வழக்கு எடுத்தால் கொடுப்பதற்காக. அதற்குப் போய்ச் சேரும்படிதான் நம் வேலை இருக்க வேண்டும்.

இன்னொரு உபயோகமும் இருக்கிறது. 2025-ல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. சின்னப் பிள்ளைகளுடையதும் உண்டு. கூடவே பள்ளிப் பை, பொம்மை. அந்தப் பொருள்களை உறவினர்கள் பார்த்து அடையாளம் சொல்லும்படி பொதுமக்களுக்குக் காட்டினார்கள். காணாமல் போனவர் கடைசியாக என்ன உடுத்தியிருந்தார், எந்தப் பல் போயிருந்தது, எந்த வயதில் எந்தக் கை முறிந்தது, கழுத்தில் என்ன தாயத்து என்பதெல்லாம் உறவினருக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி வைக்க வாக்குமூலம் தேவையில்லை. அழவைக்காமல் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பழைய போட்டோவோ வீடியோவோ போனில் இருந்தால், வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் அதில் கழன்றுபோகும். போனையே நேரில் கொண்டுவரச் சொல்லி அசல் கோப்பை அப்படியே நகலெடுங்கள். யார் கொடுத்தார், எப்போது, யார் வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கடல்கடந்தவள் | ஏப்ரல் 14, மாலை 4.05

அக்காவிடம் இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். மகன் நீலக் கோடு போட்ட சறம் கட்டியிருந்தான், மேலே வெள்ளை பெனியன், இடது முழங்காலில் சைக்கிளால் விழுந்த பெரிய தழும்பு என்று உடனே சொன்னாள். இதை ஏன் இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை என்று கேட்டாள்.

முகாமில் இன்னும் சில வீடுகளை எனக்குத் தெரியும். நான் முதலில் போய்ப் பேசுகிறேன். நீங்கள் நேரே வர வேண்டாம், ஆட்கள் பயப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்கிற வீட்டை மறுபடி கேட்கக் கூடாது. பாதியில் நிறுத்தச் சொன்னால் எழுதியதைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் நான் வருகிறேன்.

கல்மண்டபம் | ஏப்ரல் 14, இரவு 8.30

முழுச் சம்மதம் அக்கா. திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அட்வான்ஸைக் கஞ்சிச் செலவில் கழித்துக்கொள்கிறார்கள். கேமரா தம்பி அசல் கோப்பு நகலெடுக்கிற வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். மே 18 கூட்டத்தில் யாருடைய பெயரும் முகமும் வராது. நிபுணர் குழு அறிக்கையிலிருந்து இரண்டு தரப்பைப் பற்றிய பகுதிகளையும் வாசிப்போம். எருக்கஞ்சேரி, அதை நீங்களே வாசிக்கிறீர்களா?

எருக்கஞ்சேரி | ஏப்ரல் 14, இரவு 9.10

வாசிக்கிறேன் அண்ணா. பால்மா வரிசைப் பகுதியை வேறு யாராவது வாசியுங்கள், என்னால் முடியாது.

ஒத்தவாடை டீச்சர் | ஏப்ரல் 14, இரவு 9.25

அதை நான் வாசிக்கிறேன். படிவம் ஒன்று எழுதிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்புசெட்டி சார் திருத்திக் கொடுத்தால் போதும். எழுதுகிற தாள்களை யார் வீட்டில் வைப்பது என்று இங்கே பொதுவில் பேச வேண்டாம். கல்மண்டபம், எனக்குப் போன் செய்யுங்கள்.